உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்: இணைய உயிர்வாழ்வுக் கணிப்பான்களைப் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

வயது, கட்டியின் அளவு, நெறிக்கட்டியில் பரவல் உண்டா என்று வரிசையாகக் கட்டங்களை நிரப்பினால், ஐந்து ஆண்டுக்கு இத்தனை சதவீதம், பத்து ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எண்ணைக் காட்டும் இணையக் கருவிகள் எல்லாப் புற்றுநோய்க்கும் வந்துவிட்டன. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கும் இருக்கின்றன. சில கருவிகளில் நேரடியாக விவரம் தட்டலாம். சில, ஆய்வுக் கட்டுரையோடு வரும் நோமோகிராம்கள். அளவுகோல் மாதிரிப் பல கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் நமக்குரிய புள்ளியைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். என் அக்காவுக்காக இரண்டு வகையையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நோய் உறுதியானவுடன் குடும்பத்தில் யாராவது ஒருவர் இரவில் போனை எடுத்துக்கொண்டு இவற்றைத் தேடப் போவது நிச்சயம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. கட்டியின் வகை உறுதியாகி, அறுவைக்குப் பிந்தைய முழு ரிப்போர்ட் கையில் இருந்தால், டாக்டரிடம் என்ன கேட்பது என்று தயாராக இவை உதவும். வெறும் ஊசிப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு தட்டிப் பார்க்காதீர்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்க இவற்றைத் தொடவே கூடாது. அதற்கான காரணத்தைக் கீழே கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஃபார்மலினில் வரும் துண்டைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு பேத்தாலஜிஸ்ட் மேஜையில் வைப்பது என் வேலை. நோயைப் பார்த்துச் சொல்வது அவர்தான். ஆனால் ஒரு ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குக் காதுக்கு முன்னால் இருந்த கட்டி பரோட்டிட் சுரப்பியில் வந்த அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்று தெரிந்தபோது, அந்த வரிகளை இந்தக் கருவிகளில் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை எனக்கும் வந்தது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் அரிது. தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இது இருக்கும். அந்தச் சிறு எண்ணிக்கைக்குள்ளும் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி வகைகள் இருக்கின்றன. அவை ஒன்றைப் போல் ஒன்று நடந்துகொள்வதில்லை. தாழ்ந்த கிரேடு (புற்றுச் செல்கள் பார்வைக்கு எவ்வளவு மூர்க்கமாக இருக்கின்றன என்ற தரம்) மியூகோஎபிடெர்மாய்ட் கார்சினோமா முழுசாக வெட்டி எடுக்கப்பட்டால் ஐந்து ஆண்டைக் கடப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அதே பெயரில் உயர்ந்த கிரேடு என்றால் பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது. அசினிக் செல் கார்சினோமா பெரும்பாலும் சாந்தமானது. சுரப்பி நாளத்தில் தோன்றும் சாலிவரி டக்ட் கார்சினோமா அதற்கு நேர்மாறு. கண்டுபிடிக்கும்போதே நெறிக்கட்டிக்குப் போயிருப்பது சகஜம். அக்காவுக்கு வந்த அடினாய்ட் சிஸ்டிக் தனி ரகம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நோய்க்கு எல்லா வகையையும் சேர்த்து ஒரே எண் சொன்னால் அது யாருக்குமே பொருந்தாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சீயர் பதிவேட்டிலிருந்து வரும் மொத்தக் கணக்கு பல இடங்களில் சொல்லப்படுகிறது. சுரப்பியோடு நின்றிருந்தால் ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 90 சதவீதத்துக்கு மேல், பக்கத்தில் பரவியிருந்தால் சுமார் 70, தொலைவில் பரவியிருந்தால் 40 சொச்சம். பரவலின் கனம் புரிய இது போதும். ஒரு மனிதரின் நிலை புரியப் போதாது. அந்த வகையில் கணிப்பான்கள் ஒரு படி மேல், வகையையும் கேட்கின்றன. அதற்காகத்தான் இவற்றைத் தேடிப் போனேன்.

சரி, கட்டம் கட்டமாக வருவோம்.

முதல் கட்டம் கட்டியின் வகை. கருவியின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். இவற்றில் பெரும்பாலானவை சீயர் மாதிரியான பதிவேடுகளிலிருந்து செய்யப்பட்டவை. சீயர் 1973இல் தொடங்கியது, நோயாளிகள் ஏராளம், அரிய நோய்க்கு இத்தனை பேரின் விவரம் வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தந்த ஊர் பேத்தாலஜிஸ்ட் அன்றைக்கு என்ன பெயர் எழுதினாரோ அதுதான் பதிவேட்டில் இருக்கும். பிளாக்கை எடுத்து யாரும் மறுபடி பார்ப்பதில்லை. செக்ரிடரி கார்சினோமா என்ற வகை தனியாக விவரிக்கப்பட்டதே 2010இல்தான். அதற்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் அசினிக் செல் என்றோ, வகை குறிப்பிடாத அடினோகார்சினோமா என்றோ எழுதப்பட்டுக் கிடக்கிறார்கள். ஆக, அசினிக் செல் என்று தேர்ந்தெடுத்தால் கருவி தரும் எண் இரண்டு நோய்களின் கலவை. பரோட்டிட்டில் செதிள் செல் புற்றுநோய் என்று பதிவானவர்களின் கதை இன்னும் குழப்பம். அது அந்தச் சுரப்பியிலேயே தோன்றுவது மிக அரிது. முகத்தோலிலோ தலைத்தோலிலோ வந்த புற்று பரோட்டிட்டுக்குள் இருக்கும் நெறிக்கட்டிக்குப் பரவி வந்ததாகவே பல நேரம் இருக்கும். பதிவேட்டில் இரண்டும் ஒரே பெயர்.

அதனால் என் முதல் சிபாரிசு கருவியைப் பற்றியதே இல்லை. எந்தக் கட்டத்தையும் நிரப்பும் முன் ஸ்லைடையும் பிளாக்கையும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை அதிகம் பார்க்கிற இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம், எங்கள் கூடத்தில் தினசரி நடக்கிற விஷயம் அது. ஸ்லைடை மட்டும் கொண்டுபோகாதீர்கள், பிளாக்கும் வேண்டும். பிளாக் இருந்தால்தான் கூடுதல் சாயங்களும் மரபணுச் சோதனையும் செய்ய முடியும். அடினாய்ட் சிஸ்டிக்கில் எம்ஒய்பி மரபணு இணைவும் (ஒரு மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்வது), மியூகோஎபிடெர்மாய்டில் எம்ஏஎம்எல்2 இணைவும், செக்ரிடரியில் ஈடிவி6 இணைவும் பலரிடம் இருக்கும். பெயரில் சந்தேகம் வரும்போது இவை தீர்த்துவைக்கும். அக்காவின் பிளாக்கை நானே சீவி அனுப்பினேன். முதல் ரிப்போர்ட்டில் வகையின் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நரம்பைச் சுற்றிப் பரவல் உண்டா இல்லையா என்ற வரியே அதில் இல்லை. இரண்டாவது பார்வையில்தான் உண்டு என்று வந்தது. அந்த ஒரு வரி சிகிச்சைப் பேச்சையே மாற்றியது.

இரண்டாவது கட்டம் கிரேடு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, தெரியாது என்று ஐந்து தெரிவு கொடுத்திருப்பார்கள். மியூகோஎபிடெர்மாய்டுக்கே கிரேடு போடப் பல முறைகள் உண்டு. ஒரே ஸ்லைடு ஒரு முறையில் தாழ்ந்த கிரேடாகவும் இன்னொரு முறையில் நடுத்தரமாகவும் வரலாம். அடினாய்ட் சிஸ்டிக்கில் கிரேடு வேறு விதம். செல்கள் குழாயாக நிற்கின்றனவா, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கின்றனவா, இடைவெளியே இல்லாமல் கெட்டியாக அடைந்து நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். கெட்டிப் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டினால் அதுதான் மோசமான கிரேடு. இந்த நோயில் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அளவு இது. நான் பார்த்த இணையப் படிவம் எதிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. பதிவேட்டிலும் இந்த வகைக்குக் கிரேடு காலியாகக் கிடப்பது அதிகம் என்பதால், நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கருவி உறுதியான அடித்தளத்தில் நின்று பேசவில்லை.

அடுத்தது டி (T), என் (N), எம் (M). கட்டியின் அளவு, நெறிக்கட்டி, தொலைவுப் பரவல். இதை நிரப்பும்போது சாமானியர்கள் விழக்கூடிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பரோட்டிட் போன்ற பெரிய சுரப்பிகளுக்கு 2 சென்டிமீட்டர் வரை டி1, 4 வரை டி2, அதற்கு மேல் டி3 என்பது எல்லோருக்கும் கிடைக்கும் தகவல். ஆனால் கட்டி 2 சென்டிமீட்டரே இருந்தாலும் சுரப்பியைத் தாண்டி வெளித்திசுவுக்குள் போயிருப்பது கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரிந்தால் அது டி3. தோல், தாடை எலும்பு, காதுக்குழாய், முக நரம்பு ஆகியவற்றைப் பிடித்திருந்தால் டி4. மறுபக்கம், மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற வெளிப்பரவலுக்காக டி3 ஆக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் சுரப்பிக்கு வெளியே பரவல் என்ற வரியைப் பார்த்ததும் தானாகவே டி3 என்று அழுத்தி, வந்த எண்ணைப் பார்த்து ஒடிந்துபோகிறவர்கள் உண்டு. டி, என் இரண்டையும் நீங்களாகக் கணக்கிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் டாக்டர் எழுதியிருப்பதையே எடுத்துப் போடுங்கள்.

நோயின் நிலையைக் குறிக்கும் இந்த டி, என், எம் முறையின் எந்தப் பதிப்பில் கருவி செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாவது பதிப்பில், நெறிக்கட்டியின் உறையை உடைத்துக்கொண்டு புற்று வெளியே வந்திருக்கிறதா என்பது என் (N) மதிப்பைக் கூட்டுகிற விஷயமானது. அதற்கு முந்தைய நோயாளிகளை வைத்துச் செய்த கருவியில் அந்தத் தகவலே இருக்காது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் என் (N) மதிப்பும் கருவி எதிர்பார்க்கும் என் (N) மதிப்பும் ஒரே எழுத்தில் வேறு வேறு பொருள். இந்த விவரத்தை முகப்பிலேயே தெளிவாகப் போட்டிருந்தால் அந்தக் கருவிக்கு நான் அரை மதிப்பெண் கூடக் கொடுப்பேன். பெரும்பாலும் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அண்ணம், நாக்கின் அடி, மூக்கின் பக்கவாட்டுக் குழி போன்ற இடங்களில் இருக்கும் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயிலும் தொண்டையிலும் அப்படி நூற்றுக்கணக்கான சுரப்பிகள் உண்டு. பரோட்டிட் கட்டிகளில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்றுதான் புற்று. சிறு சுரப்பிக் கட்டிகளில் பாதிக்கும் மேல் புற்று. அவற்றுக்கு நிலை போடுவது அந்தந்த இடத்தின் விதிப்படி, பெரிய சுரப்பியின் விதிப்படி இல்லை. பெரிய சுரப்பிகளுக்காகச் செய்த கருவியில் அண்ணத்துக் கட்டியைப் போட்டாலும் அது மறுக்காமல் ஒரு எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இப்போது சிகிச்சைக் கட்டம். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அறுவை உண்டா, கதிர்வீச்சு உண்டா என்று கேட்கும் கருவிகள் இருக்கின்றன. அக்காவின் விவரங்களைப் போட்டுவிட்டு, கதிர்வீச்சு உண்டு என்பதை இல்லை என்று மாற்றினேன். எண் ஏறியது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ரேடியேஷன் எடுக்காம இருந்தா நல்லதாடா?”

“இல்லக்கா. அப்படி அர்த்தம் இல்ல. கொஞ்சம் உட்காரு, சொல்றேன்.”

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கதிர்வீச்சு எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கிரேடு உயர்வாக இருந்தால், வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தால் அல்லது ஓரத்துக்கு மிக அருகில் இருந்தால், நரம்பைச் சுற்றிப் பரவியிருந்தால், நெறிக்கட்டிக்குப் போயிருந்தால், கட்டி டி3, டி4 என்றால் கொடுப்பார்கள். அடினாய்ட் சிஸ்டிக் என்றாலே அறுவைக்குப் பின் கதிர்வீச்சைப் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள். ஆக, பதிவேட்டில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் தொடக்கத்திலேயே நோய் முற்றியவர்கள். வாங்காதவர்களில் பலர் சிறிய, சாந்தமான கட்டி என்பதால் தேவைப்படாதவர்கள். இரண்டு குழுவையும் பக்கத்தில் வைத்தால் வாங்காதவர்கள் நன்றாக இருப்பது மாதிரித்தான் தெரியும். கிரேடு, ஓரம், நரம்பு ஆகிய மூன்றும் கருவிக்குச் சரியாகத் தெரிந்தால் இதை ஓரளவு சரிக்கட்டலாம். பதிவேட்டின் பொதுத் தரவில் ஓரமும் நரம்பும் இந்த நோய்க்கு நம்பும்படியாக இல்லை. போதாக்குறைக்குக் கதிர்வீச்சு, கீமோ இரண்டிலும் இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒரே பெட்டியில் போடப்பட்டவை. கதிர்வீச்சு இந்தக் கட்டி அதே இடத்தில் திரும்ப வருவதைக் குறைக்கிறது. பதிவேட்டில் திரும்ப வந்ததா என்ற விவரமே இருப்பதில்லை. இறந்தாரா, எதனால் என்பது மட்டும்தான். கதிர்வீச்சின் மிகத் தெளிவான பலன் எதுவோ அது அந்தக் கருவியின் கண்ணுக்கே தெரியாது.

சிகிச்சைக்குத் தெரிவுப் பொத்தான் வைக்கிற கருவிகளை நான் கடுமையாகக் குறை சொல்கிறேன். செய்தவர்கள் புள்ளிவிவரம் அறிந்தவர்கள், அவர்களுக்கு இது தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் பயந்துபோன ஒரு மனிதர். பொத்தான் இருந்தால் அழுத்துவார். எண் ஏறினால் நம்புவார். அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கையாவது வேண்டும். அதற்காகவே ஒரு முழு நட்சத்திரத்தைக் கழித்துவிட்டேன். அக்கா கதிர்வீச்சை முழுசாக முடித்தாள்.

கருவி கேட்காமல் விட்டவற்றைப் பார்த்தால் என் வருத்தம் கூடுகிறது. நோய் எப்படிப் போகும் என்று காட்டுகிற அறிகுறிகளில் பழையதும் கனமானதும் முக நரம்புதான். பரோட்டிட்டுக்குள் புகுந்து கிளை பிரிந்து போகிற நரம்பு அது. அறுவைக்கு முன்பே கண் மூட முடியாமல், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போகும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. கட்டியில் வலி இருப்பதும் அப்படித்தான். இவை இரண்டுக்கும் ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். நோயாளியின் முகத்தைப் பார்த்தால், அவரிடம் கேட்டால் போதும். பதிவேட்டில் எழுதாததால் கருவியில் கட்டம் இல்லை. ஓரத்தின் நிலையும் அப்படியே. எங்கள் கூடத்தில் துண்டு வந்ததும் வெட்டுவதற்கு முன் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசுவோம். ஸ்லைடில் அந்த மைக்கோட்டைப் புற்றுச் செல் தொட்டால் ஓரம் பாசிட்டிவ். தொடாவிட்டால் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதுவார்கள். அக்காவுக்கு மிக நெருக்கத்தில் நின்றிருந்தது. முக நரம்பைக் காப்பாற்றிக்கொண்டு வெட்டும்போது ஓரம் நெருக்கமாக வருவது தவிர்க்க முடியாதது. அந்த அளவைத் தட்டச்சு செய்ய எனக்கு இடமே கிடைக்கவில்லை.

இங்கேதான் நெதர்லாந்துக்காரர்களின் பழைய மதிப்பெண் முறையை மனதாரப் பாராட்ட வேண்டும். பரோட்டிட் புற்றுக்கு என்றே 1999இல் வெளியானது. அறுவைக்கு முன் ஒரு கணக்கு, அறுவைக்குப் பின் ஒரு கணக்கு என இரண்டு படி. வயது, வலி, டி, என், தோலைப் பிடித்திருக்கிறதா, முக நரம்பு இயங்குகிறதா என்பவை முதல் படியில். நரம்பைச் சுற்றிப் பரவல், ஓரத்தின் நிலை இரண்டும் இரண்டாம் படியில் சேரும். கடைசியில் சதவீதத்துக்குப் பதிலாக நான்கு குழுக்களில் ஒன்றில் கொண்டுபோய் வைக்கும். பார்க்க எளிமையாக இருந்தாலும் நோயாளியைக் கட்டிலருகே பார்த்த டாக்டர் கேட்கிற கேள்விகள் அவை. பளபளப்பான இணையப் பக்கம் இல்லாத இந்த முறைக்கு என் மதிப்பு நான்கு. ஒரு மதிப்பெண் குறைவதற்குக் காரணம், அது பரோட்டிட்டுக்கு மட்டுமானது, வகைகளின் இன்றைய பெயர்களையும் மரபணுக்களையும் அறியாத காலத்தது.

ஒரே மருத்துவமனையின் நோயாளிகளை வைத்துச் செய்த நோமோகிராம்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கே நரம்பு, இரத்தக்குழாய், ஓரம் எல்லாம் பதிவாகியிருக்கும், ஸ்லைடுகள் மறுபடி பார்க்கப்பட்டிருக்கும். ஆனால் ஆட்கள் சில நூறு பேர்தான், அவர்களும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் பிரிந்துகிடப்பார்கள். இவற்றின் நம்பகத்தன்மைக்கு சி-இண்டெக்ஸ் என்று ஒரு எண் தருவார்கள். 0.5 என்றால் நாணயம் சுண்டிச் சொல்வது மாதிரி, 1 என்றால் யார் யாருக்கு முன் என்பதை ஒருமுறையும் தவறாமல் சொல்கிறது. இந்த நோய்க்கான கருவிகள் பெரும்பாலும் 0.7, 0.8 வாக்கில் இருக்கும். மோசமில்லை. ஆனால் அது இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்தும் திறமையின் அளவு மட்டுமே. காட்டுகிற சதவீதம் சரியா என்பதற்கு அது சாட்சி இல்லை.

எண் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த எண் என்று பாருங்கள். எந்தக் காரணத்தால் இறந்தாலும் சேர்க்கிற மொத்த உயிர்வாழ்வு ஒன்று. இந்தப் புற்றால் இறப்பதை மட்டும் எண்ணுவது இன்னொன்று. எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இரண்டுக்கும் பெரிய இடைவெளி வரும், ஏனென்றால் முதலாவதில் மாரடைப்பும் சேரும். சர்க்கரை, இதயக் கோளாறு, புகைப்பழக்கம் எதையும் கருவி கேட்பதில்லை. எல்லாவற்றையும் வயது என்ற ஒரே கட்டத்தின் தலையில் ஏற்றிவைக்கிறது. என் அக்காவுக்கு இரண்டு கருவிகள் வெவ்வேறு எண் காட்டியதற்கு ஒரு காரணம் இது: ஒன்று மொத்தக் கணக்கு, மற்றது நோய்க் கணக்கு.

எத்தனை ஆண்டுக்கான எண் என்பது அடினாய்ட் சிஸ்டிக் உள்ளவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பல புற்றுநோய்களில் ஐந்து ஆண்டைத் தாண்டினால் பெருமூச்சு விடலாம். இது அப்படிப்பட்ட நோய் இல்லை. ஐந்து ஆண்டுக் கணக்கில் இது மிக நன்றாகத் தெரியும். பத்தாம் ஆண்டில் கோடு இறங்கியிருக்கும், பதினைந்தில் இன்னும் இறங்கியிருக்கும். பத்து ஆண்டு கழித்தும் திரும்ப வருகிறது. நெறிக்கட்டியைவிட நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும், பெரும்பாலும் சத்தமில்லாமல். ஆனால் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், அவை அவ்வளவு மெதுவாக வளரும். வேறு புற்றுநோயில் தொலைவுப் பரவல் என்றால் வருகிற அச்சத்தை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. ஐந்து ஆண்டில் நின்றுவிடுகிற கருவி இந்த நோயில் முதலில் தேவைக்கு மேல் தைரியம் கொடுக்கும், பரவல் என்ற கட்டத்தை அழுத்தினால் தேவைக்கு மேல் பயமுறுத்தும். பத்து ஆண்டாவது காட்டுகிற கருவியையே பாருங்கள்.

பத்து ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் அதைத் தந்தவர்கள் பத்து ஆண்டுக்கும் முன் சிகிச்சை பெற்றவர்களாக இருக்க வேண்டும், வேறு வழியில்லை. அதனால் எல்லாக் கருவியும் பழைய சிகிச்சையின் கணக்கைத்தான் சொல்கிறது. என்டிஆர்கே மரபணு இணைவு உள்ள கட்டிகளுக்கான லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2018 நவம்பரில், என்ட்ரெக்டினிப் 2019இல். செக்ரிடரி கார்சினோமா பரவிய நிலையில் உள்ளவர்களுக்கு இவை பெரிய மாற்றம். சாலிவரி டக்ட் கார்சினோமாவில் பெரும்பாலானோருக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பியும், கணிசமானவர்களுக்கு ஹெர்2 புரதமும் மிகுந்திருக்கும். இரண்டையும் குறிவைக்கிற மருந்துகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. அந்த வகை வந்தவர்கள் கருவி காட்டும் எண்ணில் மூழ்குவதைவிட, இந்தச் சோதனைகள் பிளாக்கில் செய்யப்பட்டனவா என்று கேட்பது மேல்.

நல்ல விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் எதிர்பார்க்காத வழியில் கருவி உதவியது. கட்டங்களை நிரப்ப உட்கார்ந்ததால்தான் ரிப்போர்ட்டில் எது இல்லை என்பது கண்ணில் பட்டது. அக்காவும் நானும் அதை வைத்து டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டோம். ஓரம் எத்தனை மில்லிமீட்டர், பிடிக்கப்பட்ட நரம்பு பெயருள்ள பெரிய நரம்பா அல்லது சிறு கிளையா, கெட்டிப் பகுதி எத்தனை சதவீதம், நெஞ்சு ஸ்கேன் எப்போதெல்லாம், எத்தனை ஆண்டு வரை. டாக்டர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கருவி காட்டிய எண்ணை அக்கா அவரிடம் சொன்னபோது அவர் தூக்கிப் போடவில்லை. “இது உங்களைப் போன்ற நூறு பேரைப் பற்றிச் சொல்கிறது, அதில் நீங்கள் எந்த இடம் என்று சொல்லவில்லை. இனி ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தமாக வரும்போது அந்த நூறு பேரும் மாறுவார்கள்” என்றார். தொடக்க நாளிலிருந்தே எண்ணுகிற கருவிகளில் இது இல்லை. ஏற்கெனவே மூன்று ஆண்டைக் கடந்துவிட்டவருக்கு அடுத்த ஐந்து ஆண்டு எப்படி என்று திருப்பிக் கணக்கிட்டுத் தரும் வசதி இருந்தால், சிகிச்சை முடிந்து வீட்டிலிருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அடினாய்ட் சிஸ்டிக்கில் மட்டும் அந்த ஆறுதல் கொஞ்சம் குறைவாகவே வரும், பிந்தி வருகிற நோய் என்பதால்.

யாருக்குச் சிபாரிசு என்று கேட்டால்: அறுவை முடிந்து, வகை இரண்டாவது பார்வையில் உறுதியாகி, டி, என் இரண்டையும் டாக்டர் எழுதிக் கொடுத்து, எண்ணைப் பார்க்க வேண்டும் என்று நோயாளியே விரும்பினால் பாருங்கள். அவர் விரும்பாவிட்டால் குடும்பத்தார் ரகசியமாகப் பார்த்து வைத்துக்கொள்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது முகத்தில் தெரிந்துவிடும். பார்ப்பதாக இருந்தால் வகை கேட்கிற, பத்து ஆண்டு காட்டுகிற, எந்த ஆண்டு நோயாளிகள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிற, எண்ணோடு அதன் கீழ் எல்லை மேல் எல்லையையும் தருகிற கருவியாகப் பாருங்கள். ஒற்றை எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகிற பக்கத்தை மூடிவிடுங்கள். பரோட்டிட் என்றால் நெதர்லாந்து மதிப்பெண்ணையும் போட்டுத் தரச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்று கட்டங்கள் சேர்த்துக் கொடுங்கள்: அறுவைக்கு முன் முக நரம்பு எப்படி இருந்தது, வெட்டிய ஓரம், நரம்பைச் சுற்றிப் பரவல். கதிர்வீச்சுப் பொத்தானை எடுத்துவிடுங்கள்.